மூன்று மாதத்துக்கு ஒரு கூரை

ஆடி பிறந்துவிட்டால் நம் புதுச்சேரியில் இரண்டு வகை மனிதர்களுக்குக் கவலை தொடங்கிவிடும். பள்ளமான தெருவில் வீடு கட்டியவர்கள் ஒரு வகை. பழைய காரைப் பிரித்துப் போட்டுவிட்டு இன்னும் பூட்டி முடிக்காதவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினருக்காக நாம் எல்லோரும் பேசியிருக்கிறோம், மனு எழுதியிருக்கிறோம். இரண்டாம் வகையினருக்காகப் பேச ஆள் இல்லை. "சும்மா இருந்தவன் விலை கொடுத்து வாங்கிய வம்பு" என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. எழுத்தராக வேலை பார்த்த 33 வருடமும் சைக்கிள், அதன் பிறகு ஒரு மொபெட், அவ்வளவுதான். ஆனாலும் போன வருடம் ஒரு காருக்கு மழைக்கால இடம் தேடி ஒரு மாதம் அலைந்தேன். அந்த அலைச்சலில் எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டுவிட்டது. அதை இங்கே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் காலி இடத்துக்குப் பஞ்சம் இல்லை. பூட்டிய வீடும் காலி போர்ட்டிகோவும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. இடம் கிடைக்காமல் போவது வேறு காரணத்தால். கேட்கிறவர் எப்போது காலி செய்வேன் என்று சொல்வதில்லை. வைத்திருப்பவர் கேட்கிறவரை நம்புவதில்லை. இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிச் சரிசெய்ய முடியும்.

பிரெஞ்சில் படித்தவன் என்பதால் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல ஆசை. 'இவெர்னாஜ்' என்று ஒரு சொல் உண்டு. 'இவேர்' என்றால் குளிர்காலம். குளிர்காலம் முழுவதும் ஒன்றைப் பத்திரமாக ஒதுக்கி வைப்பது இவெர்னாஜ். பிரான்சில் பனிக்காலம் வருமுன் படகு, கேரவன், பழைய கார் எல்லாவற்றையும் கிராமத்து விவசாயிகளின் பெரிய கொட்டகைகளில் கொண்டுபோய் விடுவார்கள். எந்தத் தேதியில் உள்ளே வரும், எந்தத் தேதியில் வெளியே போகும் என்று எழுதிக்கொள்வார்கள். வசந்தம் வந்ததும் வண்டி வெளியே வந்துவிடும்.

இதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. செனகல் போன்ற வெப்ப நாடுகளில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் இவெர்னாஜ் என்று மழைக்காலத்தைத்தான் சொல்கிறார்கள். பனி விழாத நாட்டில் குளிர்காலத்தின் இடத்தில் மழை வந்து உட்கார்ந்துவிட்டது. நமக்கும் அந்தக் கணக்குத்தான். ஐரோப்பாவில் ஒருவன் தன் காரைப் பனியிலிருந்து ஒளித்து வைப்பதுபோல, நாம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் மழையிலிருந்து ஒளித்து வைக்க வேண்டும்.

ஒரு வருடம் முழுவதும் புதுச்சேரியில் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. அதோடு புயலும் சேர்ந்துகொள்ளும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்கழி பாதி போன பிறகும், இனி ஒன்றும் வராது என்று இருந்த நேரத்தில் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் நம் ஊர் அருகே கரையேறி, நகராமல் நின்று கொட்டியது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கிருஷ்ணா நகரில் மக்களை மீட்க ராணுவம் வந்தது. ரெயின்போ நகரில் வீட்டுக்குள் நின்ற தண்ணீரை இறைத்தவர்களில் என் தங்கை குடும்பமும் உண்டு.

தங்கை வீட்டுக்கு எதிர் வீட்டில்தான் நான் சொல்லும் கார் இருந்தது. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. நம் வயதுக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் தொழிற்சாலையில் செய்த வண்டி. மூலம் ஆங்கிலேயருடையது, வடிவம் வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து காரின் முன்பக்கம் முழுவதும் முதலை வாயைப் போலத் திறக்கும். எஞ்சின் 948 சி.சி. அந்தக் காலத்தில் டாக்டர்களும் வக்கீல்களும் வைத்திருந்தார்கள்.

எதிர் வீட்டுப் பெரியவர் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரோ தோட்டத்தில் போட்டு வைத்திருந்த ஹெரால்டை வாங்கி வந்து, மகனோடு சேர்ந்து ஞாயிறுதோறும் பிரித்துக்கொண்டிருந்தார். மகன் ஏ.சி. மெக்கானிக். கதவுகளைக் கழற்றியாயிற்று, இருக்கைகளைக் கழற்றியாயிற்று, பாடியின் ஒரு பக்கம் டிங்கரிங் முடிந்தது. அந்த நிலையில் பெரியவர் காலமாகிவிட்டார். அதன் பிறகு வந்த மழை ஃபெஞ்சல். தண்ணீர் வண்டியின் தரைத் தகடு வரை ஏறி, இரண்டு நாள் நின்று, வடிந்தது.

போன வருடம் ஆவணியில் அந்தத் தம்பி என்னிடம் வந்து, "பெரியப்பா, இன்னொரு மழை பட்டா அப்பா செஞ்ச வேலை பூரா போயிடும். எங்கியாவது ஒரு இடம் சொல்லுங்க" என்றார். காரை விடுங்கள். தகப்பன் கையால் தட்டி நிமிர்த்திய தகடு அது. அதற்காகத்தான் நான் அலைந்தேன்.

ஓடுகிற காரைவிடப் பிரித்துப் போட்ட காருக்கு மழை பெரிய எதிரி என்பதை அந்தத் தம்பிதான் எனக்கு விளக்கினார். ஓடுகிற காருக்குப் பெயிண்ட் என்ற தோல் இருக்கிறது. வாரம் ஒருமுறை எடுத்து ஓட்டினால் உள்ளே சேர்ந்த ஈரம் சூட்டில் போய்விடும். பிரித்த காருக்குத் தோலும் இல்லை, சூடும் இல்லை. தகட்டின் மேல் செங்கல் நிறத்தில் ரெட் ஆக்சைடு அடித்திருப்பார்கள். அது போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. ரெட் ஆக்சைடு தண்ணீரை உள்ளே விடும். மேலே பெயிண்ட் ஏறாத வரை, ஒரு மழைக்காலத்தில் அதன் அடியிலேயே துரு ஓடிவிடும். பட்டி பூசிய இடம் இன்னும் மோசம். ஈரத்தைக் குடித்துக்கொண்டு, தைப் பொங்கலுக்குள் அப்பளம்போல் கிளம்பி வந்துவிடும்.

துரு பிடித்தால் வேறு தகடு வெட்டி வைத்துக்கொள்ளலாமே என்று நானும் கேட்டேன். அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. எழுத்தர் புத்தி, விதியைத் தேடிப் படித்தேன். 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய சொந்த உபயோகக் கார், பைக்குகளுக்கு 'விண்டேஜ்' என்று தனிப் பதிவு எண் கிடைக்கும். ஆனால் சேஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றாமல் மூல வடிவில் வைத்திருக்க வேண்டும். ஆகவே, மழையில் சேஸ் அரித்துப்போய் அதை அறுத்து வேறு மாதிரி ஒட்டவைத்தால் வண்டிக்கு அந்தத் தகுதியே கேள்விக்குறி ஆகலாம். ஒரு கூரைக்கு நாம் தயங்கினால் இழப்பது தகடு மட்டும் அல்ல.

இனி இடத்துக்கு வருகிறேன். நாங்கள் பார்த்த இடங்களை வரிசையாகச் சொன்னால் யாருக்காவது பயன்படும்.

முதலில் எல்லோரும் போவது மெக்கானிக் ஷெட்டுக்கு. அங்கே இடம்தான் அவர்களுக்குச் சோறு. ஓடாத வண்டி ஒன்று மூலையில் நின்றால், முதல் மாதம் அதன்மேல் கவர் இருக்கும், இரண்டாம் மாதம் அதன்மேல் வேறு வண்டியின் பம்பர் இருக்கும், மூன்றாம் மாதம் அதன் கார்புரேட்டர் வேறு வண்டியில் இருக்கும். எல்லா ஷெட்டும் அப்படி என்று சொல்லவில்லை. நெருக்கடியான இடத்தில் அப்படி நடந்துவிடுகிறது.

அடுத்தது அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளம். கூரை இருக்கிறது, ஆனால் பக்கச்சுவர் இல்லை. கடற்கரைப் பக்கமானால் உப்புக்காற்று நேராக வரும். சங்கத்தில் ஒருவர் சம்மதித்தால் ஒருவர் மறுப்பார்.

ஒருவர் மரக்காணத்தில் உப்புக் கிடங்கு இருக்கிறது, மழைக்காலத்தில் உப்பளம் ஓடாது, காலிதான் என்றார். நல்ல மனது. ஆனால் உப்பு இருந்த இடத்தில் இரும்பை வைப்பது பூனையிடம் கருவாட்டைக் கொடுப்பதற்குச் சமம். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உர மூட்டை அடுக்கிய கோடவுனும் அப்படித்தான், மாட்டுக் கொட்டகையும் அப்படித்தான். கூரை இருக்கிறதே என்று மயங்கக் கூடாது. முன்பு அங்கே என்ன இருந்தது என்று கேட்க வேண்டும்.

சொந்த வீட்டிலேயே தார்ப்பாய் போட்டு மூடிவிடலாம் என்பது கடைசி யோசனை. பிளாஸ்டிக் தார்ப்பாய் தகட்டின்மேல் படிந்து கிடந்தால், உள்ளே வேர்த்து வேர்த்துக் கெடுத்துவிடும். மழையில் நனைந்த வண்டியாவது வெயில் வந்தால் காயும். தார்ப்பாய்க்குள் இருக்கும் வண்டி காயவே காயாது. தீபாவளி வேறு இதே மூன்று மாதத்தில் வருகிறது. யார் வீட்டு ராக்கெட் எங்கே விழும் என்று யாருக்குத் தெரியும்?

இதெல்லாம் பார்த்து அலுத்து உட்கார்ந்தபோதுதான் நம் ஊருக்கே உரிய ஒரு வழி நினைவுக்கு வந்தது.

நம்மில் எத்தனை குடும்பத்துக்கு பிரான்சில் ஆள் இருக்கிறது! சொல்தாவாகப் போய்ப் பென்ஷன் வாங்குகிறவர்கள், அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஜூலையில் அங்கே பள்ளி விடுமுறை விட்டதும் இங்கே வருவார்கள். பூட்டிய வீடு திறக்கும், ஜன்னல் திறக்கும், கோழிக்குழம்பு மணக்கும். ஆகஸ்ட் கடைசியில், செப்டம்பர் 'ரான்த்ரே'க்குப் பள்ளி திறக்குமுன் பறந்துவிடுவார்கள். வீடு மறுபடி பூட்டிக்கொள்ளும். செப்டம்பர் முதல் அடுத்த ஜூலை வரை அந்தப் போர்ட்டிகோவில் நிற்பது ஒரு பழைய துடைப்பம்தான். நமக்கு இடம் வேண்டிய அந்த மூன்று மாதமும் அந்த இடம் காலி. இப்படிப் பொருந்தி வருவது வேறு ஊரில் கிடைக்குமா என்று தெரியவில்லை.

என் பெரியம்மா மகள், 78 வயது, பாரிஸ் அருகே சார்செலில் இருக்கிறார். லாஸ்பேட்டையில் மேட்டில் அவருக்கு வீடு. செம்மண் பூமி, தண்ணீர் நிற்காது. மூன்று பக்கம் சுவரும் இரும்பு ஷட்டரும் வைத்த கார் ஷெட் உண்டு. அவர் கணவர் இருந்த வரை அதில் ஒரு அம்பாசிடர் நின்றது. இப்போது ஒன்றும் இல்லை. போனில் கேட்டேன்.

"தம்பி, கார் வரும்ப. அதப் பாக்க மெக்கானிக் வருவான். மெக்கானிக்குக் கட்டில் வரும். அப்புறம் நான் ஏர்போர்ட்லேருந்து நேரா லாட்ஜுக்குப் போகணும்" என்றார்.

"மூணு மாசந்தான் அக்கா."

"எல்லாரும் மூணு மாசந்தான் சொல்றாங்க. ஒருத்தரு அப்படி மாடிக்கு வந்தாரு. எத்தன வருஷம் கழிச்சுப் போனாருன்னு உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். அந்த மனிதரைக் கிளப்ப அக்கா இரண்டு முறை விமானம் ஏறி வந்தார். நம் ஊரில் வீட்டைப் பூட்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு கதை இருக்கிறது. தன்னுடையதாக இல்லாவிட்டால் பக்கத்து வீட்டினுடையதாக இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், அவர்கள் பயப்படுவது தரையில் படியும் எண்ணெய்க் கறைக்கு அல்ல. முடியாத மூன்று மாதத்துக்குப் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. பாதியில் நிற்கும் கார் அந்தப் பயத்தை இரண்டு மடங்காக்குகிறது. வேலையே முடியாதவன் சொன்ன தேதியில் எடுத்துப் போவான் என்று எப்படி நம்புவது?

அன்று இரவு உட்கார்ந்து ஒரு தாள் எழுதினேன். கேட்கிறவர் கொடுக்கும் வாக்குமூலமாக எழுதினேன். அதில் இருந்தவை இவை.

வண்டி உள்ளே வரும் தேதி அக்டோபர் 5. வெளியே போகும் கடைசி நாள் போகிக்கு முந்தின நாள். வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் போகும்.

இது வண்டி நிறுத்த மட்டும் கொடுக்கும் அனுமதி. வாடகை இல்லை, முன்பணம் இல்லை, வீட்டின்மேல் எந்த உரிமையும் இல்லை.

அங்கே வேலை நடக்காது. வெல்டிங் இல்லை, பெயிண்ட் இல்லை, யாரும் தங்க மாட்டார்கள். பெட்ரோல் டாங்க் காலியாக வரும். பேட்டரி வராது. எஞ்சினுக்கு அடியில் ஒரு தகரத் தட்டு இருக்கும்.

சாவி ஒருவரிடம், அதாவது என்னிடம், இருக்கும். பார்க்க வருவது ஞாயிறு காலை மட்டும். பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

வண்டிக்கு என்ன சேதம் வந்தாலும் வீட்டுக்காரர் பொறுப்பு அல்ல.

தேதி தாண்டினால் வீட்டுக்காரர் ஆள் வைத்து வண்டியை எதிர் வீட்டு முகவரிக்கே கொண்டுபோய் இறக்கிவிடலாம். அதற்கான தூக்குவண்டிக் கூலி 3,000 ரூபாய் இன்றே என்னிடம் கொடுக்கப்படுகிறது.

கடைசி வரிதான் அக்காவை அசைத்தது. பணம் முன்னாலேயே வைத்தவன் போய்விடுவான் என்று தோன்றியிருக்க வேண்டும். தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. அவர் ஒரு நிபந்தனை சேர்த்திருந்தார். மழை பெய்கிற வாரங்களில் அந்தப் பையன் மாடிக்குப் போய், மாமரத்து இலை அடைத்த வடிகாலைக் குத்திவிட வேண்டும். குழாயைக் கொஞ்சம் திறந்து மூட வேண்டும். எங்காவது ஒழுகினால் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

இதை நான் யோசிக்கவே இல்லை. பூட்டிய வீட்டுக்கு மழைக்காலத்தில் ஒரு ஆள் வேண்டும். பிரித்த காருக்கு ஒரு கூரை வேண்டும். இரண்டு பேருக்கும் தேவை இருக்கும்போது அது தருமமும் இல்லை, தயவும் இல்லை, பண்டமாற்று. அதனால்தான் வாடகை வேண்டாம் என்பது என் கட்சி. வாடகை என்ற சொல் வந்தால் இரண்டு பக்கமும் வக்கீலை நினைக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

சிலர் இதற்கு ஒப்பமாட்டார்கள். "பணம் வாங்கினால்தான் பொறுப்பு வரும், சும்மா கொடுத்ததை யாரும் மதிக்கமாட்டார்கள்" என்று என் மைத்துனர் வாதிட்டார். வணிகக் கோடவுனுக்கு அது சரி. சொந்தக்காரர் வீட்டு ஷெட்டுக்குப் பொறுப்பு வருவது தெரிந்த மனிதர் ஒருவர் நடுவில் நிற்பதால். ஓய்வு பெற்ற நமக்கு அந்த வேலை பொருத்தமானது. கையெழுத்துப் போட்டு, சாவியை வைத்துக்கொண்டு, ஞாயிறு காலை ஒரு நடை போய்ப் பார்த்துவருவது நம்மால் முடியாததா?

இடம் கிடைத்த பிறகும் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. தம்பி செய்ததைப் பார்த்து எழுதுகிறேன்.

முதலாவது, வண்டி உருள வேண்டும். எத்தனை பிரித்தாலும் நான்கு சக்கரத்தையும் ஸ்டியரிங்கையும் மழைக்கு முன் பூட்டிவிட வேண்டும். உருளாத வண்டியைத் தூக்க ஆறு ஆள் வேண்டும். ஆறு ஆள் வருவதைப் பார்த்தாலே வீட்டுக்காரர் மனம் மாறிவிடுவார்.

இரண்டாவது, பெட்ரோல். இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும். டாங்க், குழாய், கார்புரேட்டர் மூன்றையும் வடித்துவிட வேண்டும். பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கிற சாமான்தான். பழைய ஆயிலோடு விட்டால் வீல் சிலிண்டர் உள்ளே இறுகிப் போகும்.

மூன்றாவது, எஞ்சின். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, மாதம் ஒருமுறை கையால் சுற்றிவிட்டார். தகடு தெரியும் இடமெல்லாம் மெல்லக் கிரீஸ் தடவினார். பிறகு துடைத்துக் கழுவும் வேலை இருக்கிறது, ஆனால் துரு சுரண்டுவதைவிட அது எளிது.

நான்காவது, தரை. சிமெண்டுத் தரை மழைக்காலத்தில் வேர்க்கும். கீழே பலகை போட்டு, மரக்கட்டை கொடுத்து, டயரில் பாரம் இறங்காமல் தூக்கி வைத்தார். மேலே பிளாஸ்டிக் வேண்டாம், பழைய பருத்திப் போர்வை போதும். எலி வயரைக் கடிக்கும், அதற்கு நாப்தலின் உருண்டை.

எங்கள் அலுவலகப் பதிவறையில் மழைக்கு முன் கீழ்த்தட்டுக் கோப்புகளை மேலே ஏற்றுவோம், இடையிடையே வேப்பிலை வைப்போம். ஒரு பானையில் சுட்ட சுண்ணாம்புக் கல்லும் வைப்போம், அறையின் ஈரத்தை அது குடிக்கும். அதைத் தம்பியிடம் சொன்னேன். ஷெட்டின் மேல்தட்டில் வைத்தார். கீழே வைக்கக் கூடாது, தண்ணீர் பட்டால் கொதித்துவிடும்.

ஐந்தாவது நான் சொன்னது. ஆர்.சி. புத்தகம், பழைய வரி ரசீது, வாங்கிய கடிதம் ஒன்றும் வண்டிக்குள் இருக்கக் கூடாது. காகிதம் இல்லாத பழைய கார் வெறும் இரும்பு. அவற்றை வீட்டில் பீரோவின் மேல்தட்டில் வைக்கச் சொன்னேன். கழற்றிய போல்ட்டுகளைச் சிறு சிறு டப்பாவில் போட்டு, எது எங்கே வரும் என்று சீட்டு எழுதி ஒட்டினார். அப்பா கையெழுத்தில் ஏற்கெனவே எழுதிய சீட்டுகள் சில இருந்தன. அவற்றை மாற்றி எழுதாமல் அப்படியே வைத்துக்கொண்டார்.

அடுத்து, கொஞ்சம் கசப்பான கருத்து ஒன்று. எல்லாப் பழைய காரையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அலுவலகத்தில் நிலுவைக் கோப்பு என்று ஒன்று உண்டு. வருடக்கணக்கில் நிலுவையில் இருக்கும் கோப்பை யாராவது ஒருவர் எடுத்து, நடவடிக்கை தேவை அல்லது முடித்து வைக்கலாம் என்று எழுதவேண்டும். எழுதாமல் அடுத்த வருடத்துக்குத் தள்ளுவதுதான் தவறு. முடித்து வைப்பது தவறு அல்ல. பிரித்த காருக்கும் அந்தக் கணக்கு வேண்டும். மூன்று மழைக்காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மழைக்காலம் ஒதுக்கி வைத்தும், இடையில் வந்த வெயில் மாதங்களில் ஒரு போல்ட்டுகூட முடுக்கப்படவில்லை என்றால், அந்த வண்டியைக் கூரையும் நேரமும் உள்ள இன்னொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். விற்ற காசு பெரிதாக இருக்காது. வண்டியாவது பிழைக்கும்.

இதைத் தம்பியின் அம்மாவிடமும் சொன்னேன். "அண்ணே, அவரு இருந்தப்ப நானே எத்தனையோ தடவ, அந்த இரும்ப எடைக்குப் போடுன்னு கத்தியிருக்கேன். இப்ப போட மனசு வரல. பையன் மூணு வருஷம் பாக்கட்டும். அப்புறம் நானே சொல்றேன்" என்றார். இதைவிட நேர்மையான கெடு எனக்குத் தெரியவில்லை.

போகிக்கு மூன்று நாள் முன்பே வண்டி லாஸ்பேட்டையிலிருந்து வெளியே வந்தது. ஷெட்டைக் கழுவிவிட்டுப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினோம். 3,000 ரூபாயை எண்ணித் திருப்பிக் கொடுத்தேன். தகட்டில் புதுத் துரு இல்லை. மழைக்காலத்தில் மாடி வடிகால் இரண்டு முறை அடைத்திருந்தது, இரண்டு முறையும் தம்பி குத்திவிட்டார். அக்காவின் வீட்டில் அந்த வருடம் ஒழுகல் இல்லை. கார் இன்னும் முடியவில்லை. மாசி முதல் ஆனி வரை ஒரு பக்கத்துக் கதவும் தரைத் தகடும் முடிந்திருக்கின்றன. இந்த வருடம் தாளைப் புதுப்பித்துத் தேதியை மாற்றினால் போதும் என்று அக்காவே சொல்லிவிட்டார்.

இப்போது ஆடி நடக்கிறது. வந்தவர்கள் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள். ஆகஸ்ட் கடைசி வாரம் பெட்டி கட்டத் தொடங்குவார்கள். ஷெட் தேவைப்படுகிறவர்கள் இந்த வாரமே போய், காபி குடிக்கும்போது கேளுங்கள். கேட்கும்போதே எடுத்துப்போகும் தேதியைச் சொல்லுங்கள், தாளைக் கையோடு கொண்டுபோங்கள். ஷெட் வைத்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தாளோடும் தேதியோடும் ஒருவர் வந்து நின்றால் உடனே கதவைச் சாத்தாமல் ஒருமுறை படித்துப் பாருங்கள். நடுவில் நின்று சாவி வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால், நம் வயதில் நேரம் இருப்பவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறோம்.